பழைய மேசை வாங்குவது இழிவா?



கடந்த ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில், கணக்குப் போடுவதற்காக என் வகுப்புத் தோழி ஒருத்தி எங்கள் இல்லத்திற்கு வந்தாள். முன்னறையில் இருந்த எழுதுமேசையைத் தடவிப் பார்த்து, "அழகாக இருக்கிறதே, எங்கேடி வாங்கினீர்கள்?" என்று கேட்டாள். "எங்கள் தாத்தா காலத்து மேசை" என்று சற்றும் தயங்காமல் விடை கூறினேன். அது பொய். அதற்கு முந்திய சனிக்கிழமையன்றுதான் என் தந்தையார் அதனைப் பழைய சாமான் கடையில் விலை பேசி, தட்டுவண்டியில் ஏற்றி வந்திருந்தார்.

அன்றிரவு செபமாலை சொல்லும்பொழுது அந்தப் பொய் என் நெஞ்சை உறுத்தியது. தாத்தா காலத்து மேசையும் பழையதுதான். கடையில் வாங்கிய மேசையும் பழையதுதான். முன்னதைப் பெருமையாகச் சொல்ல முந்திய நாக்கு, பின்னதைச் சொல்லக் கூசியது ஏன்? பழமை நமக்கு இழிவாகத் தோன்றவில்லை. 'பிறர் பயன்படுத்தியதை விலை கொடுத்து வாங்கினோம்' என்பதே இழிவாகத் தோன்றுகிறது. இவ்வெண்ணம் சரியா, தவறா என்று சிந்தித்ததன் பயனே இக்கட்டுரை.

முதலில் எங்கள் வீட்டுப் புது மேசையின் கதையைக் கூறுகிறேன். நான் எட்டாம் வகுப்பில் படித்தபொழுது, கடைத்தெருவில் ஒரு கடையில் 5,500 ரூபாய் விலையுள்ள மேசையைப் பத்துத் தவணைகளில் வாங்கினோம். பார்வைக்குத் தேக்கு போலப் பளபளத்தது. ஐப்பசி மழையில் சன்னல் வழியே வந்த சாரல் அதன் ஓரத்தில் பட்டது. ஒரு வாரத்திற்குள் பலகை ஊறிய அப்பளம் போல் உப்பியது. திருகாணிகள் பிடிமானம் இழந்தன. பழுது பார்க்க வந்த ஆசாரி விரலால் சுரண்டிக் காட்டினார். உள்ளே இருந்தது மரமன்று, தூள்! கடைசித் தவணையைக் கட்டி முடிப்பதற்கு முன்னரே மேசை குப்பைக்குச் சென்றது.

மரத்தூளையும் சிராய்களையும் பசையிட்டு, சூடேற்றி, அழுத்திச் செய்யப்படுவதே அத்தகைய பலகை. அதன்மேல் மரக்கோடுகள் அச்சிட்ட தாளை ஒட்டிவிடுகின்றனர். ஈரம் பட்டால் தூள் விரிந்து கொடுக்கும். ஒருமுறை கழற்றிய திருகாணி மறுமுறை அதே துளையில் இறுகாது. அப்பசைகளுள் பல பார்மால்டிஹைடு என்னும் வேதிப்பொருளைக் கொண்டவை. அவ்வேதிப்பொருள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. அதனைக் குறைவாக வெளியிடும் பலகைகளும் இன்று செய்யப்படுகின்றன என்பது உண்மையே. ஆயினும் விலை மலிவை மட்டுமே பார்த்து வாங்கும் நம்மில் எத்தனை பேர் அதனை விசாரிக்கிறோம்?

இனி, நம் காரைக்குடியின் கதைக்கு வருவோம். முனீசுவரன் கோயில் தெருவைத் தெரியாதவர் நம்மில் இலர். மரத்தூண்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், பீங்கான் பூசிய தூக்குகள், பித்தளைப் பூட்டிட்ட பெட்டகங்கள் ஆகியவை அங்கே கடை கடையாகக் குவிந்து கிடக்கின்றன. இவை எங்கிருந்து வந்தன? பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் செய்த நகரத்தார், பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து இப்பகுதியில் மாளிகைகள் எழுப்பினர். 1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபொழுது பலர் எல்லாவற்றையும் விட்டு ஊர் திரும்பினர். பின்னர் அந்நாட்டுச் சட்டங்களால் அவர்கள் நிலங்களும் கைவிட்டுப் போயின. வருவாய் நின்றது, வாரிசுகள் பெருகினர், பெரிய வீடுகளைப் பராமரிக்க இயலாமல் பல வீடுகள் பிரிக்கப்பட்டன. பிரித்த வீட்டின் பொருட்களே அத்தெருவுக்கு வந்து சேர்ந்தன.

அங்கே பொருள் வாங்க வருவோர் யாவர்? வெளியூர் விடுதிக்காரரும், பெருநகரச் செல்வரும், வெளிநாட்டுப் பயணியரும் வருகின்றனர். நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருட்களையும் கட்டடங்களிலிருந்து பெயர்த்த பொருட்களையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. ஆனால் உள்நாட்டில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், போகின்றன. நம் ஊர்த் தேக்கு மேசை ஊரை விட்டு வண்டியேறுகிறது. அதே வண்டி திரும்பி வரும்பொழுது தூள்பலகை மேசையை ஏற்றி வருகிறது. நல்லதைக் கொடுத்துவிட்டு நொய்யதை வாங்கி, அதற்குத் தவணையும் கட்டுகிறோம். இது நகைப்புக்குரிய வாணிகம் அன்றோ?

'அத்தெருவில் யானை விலை, குதிரை விலை சொல்வார்களே' என்று நீங்கள் கேட்கலாம். வேலைப்பாடு மிக்க பொருட்களுக்கு அது மெய்தான். ஆனால் அலங்காரமற்ற எளிய மேசை, நாற்காலி, அலமாரிகளை வெளியூரார் நாடுவதில்லை. எங்கள் மேசை வேங்கை மரம். செதுக்கு வேலை எதுவும் கிடையாது. 3,000 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆட்டம் கண்டிருந்த ஒரு காலைச் சரிசெய்து, உப்புத்தாள் தேய்த்து, அரக்கு மெருகு போட ஆசாரிக்கு 700 ரூபாய். ஆக, புது மேசைக்குக் கொடுத்ததைவிட 1,800 ரூபாய் குறைவு. அதன் சட்டங்கள் ஆணியை நம்பி நிற்கவில்லை. ஒரு கட்டையின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி, மற்றதன் துளையில் இறக்கி, மரமுளை அடித்திருக்கிறார்கள். தளர்ந்தால் கழற்றி மீண்டும் இறுக்கலாம். பழுது பார்க்கக் கூடியதே நல்ல பொருள் என்பதை அன்று அறிந்தேன்.

பழைய பொருளை எதிர்ப்போர் கூறும் காரணங்களையும் ஒதுக்கிவிடலாகாது.

பூச்சி இருக்கும் என்பது முதற்காரணம். இது நியாயமான அச்சமே. எனவே கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது. கைப்பேசியில் வரும் படத்தை மட்டும் நம்பியும் வாங்கக்கூடாது. உள்ளூரில் வாங்குவதன் நன்மையே நேரில் சென்று தொட்டுப் பார்க்கலாம் என்பதுதான். மேசையைக் கவிழ்த்து அடிப்புறம் பார்க்க வேண்டும். குண்டூசித் துளைகளும், மாவு போன்ற தூளும் இருந்தால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மண்கோடு இருந்தால் கறையான். விரல் மடக்கித் தட்டினால் உள்ளீடற்ற மரம் தன் ஓசையாலேயே காட்டிக் கொடுக்கும். கட்டிலாயின் மூலைப் பொருத்துகளில் மூட்டைப்பூச்சியின் கரும்புள்ளிகள் உண்டா என்று நோக்க வேண்டும். மூட்டைப்பூச்சி இரத்தமின்றிப் பல மாதம் உயிர் வாழக்கூடியது. ஆகவே பழைய மெத்தையையும் பஞ்சு வைத்துத் தைத்த நாற்காலியையும் தவிர்ப்பது நலம். மரத்தை மட்டும் வாங்குவோம். மெத்தையைப் புதிதாய்த் தைப்போம்.

'செத்தவர் கிடந்த கட்டிலாக இருக்குமோ' என்பது இரண்டாம் காரணம். என் பாட்டியாரே இதனைச் சொன்னார். அவரிடம், "ஆச்சி, நாம் குடியிருக்கும் வாடகை வீடு எண்பது ஆண்டுப் பழமையானது. இதில் எவரும் இறந்ததில்லையா?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் விழித்துவிட்டு, "வாயாடி" என்றார். மரத்தில் தீட்டு ஒட்டுவதில்லை. அழுக்கு மட்டுமே ஒட்டும். அதனைச் சோப்பு நீரும் வெயிலும் போக்கிவிடும்.

மூன்றாவதே என்னைச் சிந்திக்க வைத்த காரணம். பிறர் நொடித்துப்போய் விற்றதை நாம் மகிழ்ந்து வாங்குவது தகுமா? எங்கள் மேசையின் இழுப்பறையை வெளியே எடுத்துத் துடைத்தபொழுது, அதன் அடிப்பலகையில் யாரோ ஒரு குழந்தை பென்சிலால் எழுதிய ஏழாம் வாய்ப்பாட்டைக் கண்டேன். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதோடு அது நின்றிருந்தது. அக்குழந்தை இன்று எங்கே? அம்மேசையை அவர்கள் விருப்பத்தோடு விற்றார்களா, வேறு வழியின்றி விற்றார்களா? எனக்குத் தெரியாது. ஆனால் நாம் வாங்காதிருந்தால் அவர்கள் துன்பம் குறைந்திருக்குமா? மேசை விறகாகியிருக்கும், அவ்வளவே. பிறர் கண்ணீரை நாம் வாங்காதிருக்க வழி ஒன்று உண்டு: தேவையில் இருப்பவரிடம் அடிமாட்டு விலை பேசாமல், நியாயமான விலை கொடுப்பது. பேரம் பேசுவதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்குவதைவிட அது மேலானது. அவ்வாய்ப்பாட்டை நான் அழிக்கவில்லை, அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

தோழியரே! மேசைக்காக நான் கூசியது சிறிய செய்தி. இதே கூச்சம் பெரிதாகி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே திருமணச் சீர். கட்டில், மெத்தை, பீரோ, நிலைக்கண்ணாடி மேசை ஆகிய யாவும் புத்தம் புதிதாக, காகித உறை பிரியாமல், கூடத்தில் நால்வர் காணப் பரப்பப்பட வேண்டும். வரதட்சணையைத் தடைசெய்யும் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 'நாங்கள் எதுவும் கேட்கவில்லை. உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்' என்ற இனிய சொற்களுக்குள் அது இன்றும் ஒளிந்திருக்கிறது. அச்சொற்களுக்கு அஞ்சியே பெற்றோர் கடன் வாங்கிக் கட்டில் வாங்குகின்றனர். மணமகள் அதில் உறங்குகிறாள். கடன் கட்டும் தந்தை உறங்குவதில்லை. பழைய தேக்குக் கட்டிலை மெருகிட்டுக் கொடுத்தால் குடும்பம் நடக்காதா? நம்முள் பலருக்கு இன்னும் சில ஆண்டுகளில் அந்நாள் வரும். "எனக்குப் புதியது வேண்டாம் அப்பா, நல்லது போதும்" என்று சொல்லும் துணிவு நமக்கு இருக்க வேண்டும். ஏனெனில் அதனைப் பெற்றோர் தாமாகச் சொல்ல இயலாது. நாம்தான் சொல்ல இயலும்.

நம் மறையும் இதற்குத் துணை நிற்கிறது. மீட்பரை வளர்த்த புனித சூசையப்பர் தச்சர். உழைப்பாளரான அவருடைய விழாவை மே முதல் நாளில் கொண்டாடும்படி 1955இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் ஏற்படுத்தினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில், பயன்படுத்தித் தூக்கி எறியும் பண்பாட்டைக் கண்டித்தார். நாட்டப்பட்ட தேக்கு நல்ல பருமன் அடைய ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை ஆண்டு வளர்ந்த மரத்தை, அதை இழைத்த கைகளோடு சேர்த்து மறப்பது நன்றியன்று. பழுது பார்க்கும் ஆசாரிக்கும், பிரம்பு நாற்காலி பின்னும் பார்வையற்ற தொழிலாளருக்கும் வேலை கிடைப்பதும் இதனால்தான்.

இறுதியாக, நம் பள்ளிக்கு ஒரு பணிவான யோசனை. ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியேறும் அக்காமாரின் எழுதுமேசைகள் வீட்டு மூலையில் துணி குவிக்கும் மேடைகளாகிவிடுகின்றன. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் அவற்றை விற்கவும், வாங்கவும், இலவசமாய் அளிக்கவும் நம் அருட்சகோதரியர் ஏற்பாடு செய்தால், தரையில் அமர்ந்து பொதுத்தேர்வுக்குப் படிக்கும் தங்கையர் பலர் நிமிர்ந்து அமர்வர். பழையதை வாங்குகிறோம் என்ற கூச்சமும் அன்றே நம்மை விட்டு அகலும்.

என் தோழியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேனா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மாதம் கழித்துச் சொன்னேன். "இதற்குப் போய் யாராவது பொய் சொல்வார்களா?" என்று சிரித்தாள். அவள் சிரித்தது மேசையைப் பார்த்தன்று, என்னைப் பார்த்து. இனி எவரேனும் வினவினால், "முனீசுவரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய மேசை" என்றே தலை நிமிர்ந்து கூறுவேன். நீங்களும் அவ்வாறே கூற முன்வருவீர்களாக!

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி