கையறியா அறிவியல்

தொடக்கப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கப் புகும் இளைஞர்க்கு அறிவியல் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது? தமிழ்நாட்டுக் கல்வியைப் பற்றி முழங்குவோர் பலரும் கேளாத வினா இது. பாடநூல் எத்தகையது, தேர்வு எத்தகையது, மொழி எது என்றெல்லாம் மேடைதோறும் ஆராய்வர். அந்நூலைக் கையிலேந்தி ஐந்தாம் வகுப்பின்முன் நிற்கப்போகும் பயிற்சி மாணவரை எண்ணுவார் அரியர்.

மேனிலைக் கல்வி முடித்தோர் ஈராண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பிற் சேர்கின்றனர். அவருள் வரலாறும் வணிகவியலும் பயின்று, பத்தாம் வகுப்போடு அறிவியலைக் கைவிட்டோரும் உளர். பட்டயம் பெற்றதும் தமிழ், கணக்கு, அறிவியல் அனைத்தையும் அவரே கற்பிக்கக் கடவர். ஈராசிரியர் பள்ளியாயின், மூத்தவர் பதிவேடுகளோடு போராட, அறிவியலுக்கு முன்னிற்க வேண்டியவர் புதியவரே. எனவே, பயிற்சி நிறுவனம் ஆக்கியனுப்புவது வெறும் பாடம் ஒப்பிப்பாரை அன்று. ஓர் ஊரின் சிறார்க்கெல்லாம் அறிவியல் வழிகாட்டியை என்க.

அவ்வழிகாட்டி எதனைக் கற்று வருகிறார்? ஓர் எடுத்துக்காட்டுப் போதும். தட்டில் நீர் வார்த்து, நடுவில் மெழுகுதிரி ஏற்றிக் கண்ணாடிக் குவளையால் மூடுவர். சுடர் அணையும், குவளைக்குள் நீர் ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு உயிர்வளி, அஃது எரிந்து தீர்ந்தமையின் அவ்விடத்தை நீர் நிரப்பிற்று" என்று ஏட்டில் எழுதிக்கொள்வர். காற்றில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உயிர்வளி என்பது மெய். நீர் ஏறியதற்குக் கூறிய கரணியமோ பிழை. உயிர்வளி முற்றும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடுகிறது. எரிந்ததற்கு ஈடாகக் கரிவளியும் நீராவியும் தோன்றுகின்றன. வெம்மையால் விரிந்திருந்த காற்று, சுடர் அணைந்தபின் குளிர்ந்து சுருங்குவதே நீர் ஏறுதற்குப் பெருங்கரணியம்.

இதனைத் தெளியப் பேராய்வகம் வேண்டா. ஒரு திரிக்கு மாற்றாக மூன்று திரிகளை ஏற்றிப் பார்த்தால் போதும். அதே குவளை, அதே காற்று, நீரோ முன்னினும் உயர ஏறும். உயிர்வளி மும்மடங்காயிற்றோ? இவ்வினாவை எழுப்பத் தெரிந்தவரே ஆசிரியர். ஏட்டு விடையை மட்டும் சுமந்து வந்தவர், தாம் கொண்ட பிழையை நாற்பது சிறாரின் தலையில் ஏற்றிவைப்பார். அவருள் சிலர் பின்னர் ஆசிரியராகி அதனையே ஏற்றிவைப்பர்.

தமிழன்பரும் ஒன்றை ஓர்ந்து பார்த்தல் வேண்டும். தூய சொல்லை ஆக்கித் தந்துவிட்டால் அறிவியல் தமிழில் வந்துவிடும் என்பது அரைமெய். நல்ல சொல் வினாவை ஈனும். 'உயிர்வளி' என்று கேட்ட சிறுவன், "உயிர்க்குரிய வளி தீக்கு ஏன் வேண்டும்?" என்று கேட்பான். பொருள் விளங்காத அயலொலி அவ்வினாவை எழுப்பாது, மனப்பாடத்தையே எழுப்பும். ஆயின், அவ்வினாவை ஏற்று, மூச்சும் எரிதலும் எவ்வகையில் ஒன்று என்று காட்ட வல்ல ஆசிரியர் இல்லையேல், தூய தமிழ்ச்சொல்லும் மனப்பாடச் சரக்கே ஆகும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றிய சாமுவேல் கிறீன் சொற்களை ஆக்கியதோடு நின்றாரல்லர், நூல்களையும் யாத்தார், மருத்துவரையும் ஆக்கினார். தமிழால் முடியுமா என்பதற்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. தமிழரால் முடியுமா என்பதே எஞ்சிய வினா.

செய்யத் தக்கன மூன்று. முதலாவது, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள செய்முறை ஒவ்வொன்றையும் பயிற்சி மாணவர் தம் கையாற் செய்து, அது தவறும் இடத்தையும் கண்டறிதல் வேண்டும். இரண்டாவது, 2014 ஆம் ஆண்டின் நெறிமுறைகள் வகுத்த 20 கிழமைப் பள்ளிப் பயிற்சியில், பாடக்குறிப்பின் அழகை அளப்பதை விடுத்து, சிறார் கேட்ட வினாக்களையும் அவற்றை அவர் கையாண்ட வகையையும் அளத்தல் வேண்டும். மூன்றாவது, அறிவியலைத் தமிழிற் சிந்தித்துத் தமிழில் விளக்கும் பயிற்சியைத் தனித் தாளாகவே வைத்தல் வேண்டும்.

2022 இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குச் செய்முறைகளைக் கொண்டு சென்றது. பாராட்டத் தக்கதே. எனினும், பத்து அகவைக்குள் வினவும் நா அடங்கிப்போன சிறுவனுக்குப் பதினோராம் அகவையிற் காட்டும் செய்முறை வேடிக்கையாகவே முடியும். வேர் தொடக்கப் பள்ளியில். அவ்வேருக்கு நீர் பயிற்சி நிறுவனத்தில்.

"அறிவியலுக்குத் தமிழ் ஆகாது" என்பாரை மேடையில் வென்று பயனில்லை. மூன்று திரிகளை ஏற்றி, "ஏன்?" என்று தமிழிற் கேட்கும் ஆசிரியர் ஊர்தோறும் ஒருவர் உருவாகட்டும். அக்கூற்று அன்றே அவியும்!