மன்னிப்பின் மதிப்பு

“நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது” என்பது பழமொழி. நீதிமன்றத்தைப் பற்றிக் கொட்டிய சொல் வழக்காகவும் மாறலாம். நீதிமன்ற ஆணையை மீறுவதும், ஆதாரமின்றி நீதிபதிகளின் நேர்மையைப் பழிப்பதும் நீதிமன்ற அவமதிப்பு எனப்படும். ஒரு தீர்ப்பைக் காரணம் காட்டி, நல்லெண்ணத்தோடு விமர்சிப்பது அவமதிப்பாகாது.

மலேசியக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 126ஆவது பிரிவு, அவமதிப்பைத் தண்டிக்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றங்களுக்கும் அவற்றுக்கு மேற்பட்ட நீதிமன்றங்களுக்கும் வழங்குகிறது. 2020 ஜூன் மாதம், மலேசியாகினி செய்தித்தளத்தில் வெளியான ஐந்து வாசகர் கருத்துகள் அத்தகைய வழக்குக்குக் காரணமாயின. காவல்துறை தெரிவித்த சில நிமிடங்களில் அவை நீக்கப்பட்டன. ஆயினும், 2021 பிப்ரவரி 19ஆம் நாள், புத்ராஜெயாவில் கூட்டரசு நீதிமன்றம் அந்நிறுவனம் குற்றம் புரிந்ததாகத் தீர்ப்பளித்து 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. நீதிபதிகள் எழுவரில் ஒருவர் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார். தலைமை ஆசிரியர் விடுவிக்கப்பட்டார்.

தவற்றை உடனே திருத்தியும் தண்டனை உண்டென்றால், மன்னிப்புக் கேட்பதால் பயன் என்ன? மலேசியாவைப் போன்றே ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் இந்தியாவில் இதற்கு விடை உண்டு. அங்குள்ள 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின்படி, நீதிமன்றம் மனநிறைவடையும் வகையில் மன்னிப்புக் கேட்பவரின் தண்டனையை நீக்கலாம். மன்னிப்பு உண்மையானதாக இருந்தால், நிபந்தனையுடன் கேட்கப்பட்டது என்ற காரணத்துக்காக மட்டும் அதைத் தள்ளிவிடக் கூடாது.

இரு நிகழ்வுகள் இதனை விளக்கும். 2019இல் அரசியல் தலைவர் ராகுல் காந்தி, உச்ச நீதிமன்றம் கூறாத ஒன்றை அது கூறியதாகப் பேசினார். முதலில் வருத்தம் மட்டுமே தெரிவித்தவர், பின்னர் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டார். இனிக் கவனமாக இருக்குமாறு கூறி, நீதிமன்றம் வழக்கை முடித்தது. மாறாக, 2020இல் வழக்கறிஞர் பிரசாந்த் பூஷண், தாம் உண்மையென நம்பும் கருத்துக்கு மனமின்றி மன்னிப்புக் கேட்பது தம் மனச்சான்றுக்கே அவமதிப்பு என்று மறுத்தார். அவருக்கு 1 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

மன்னிப்பை ஏற்றால் பலரும் துணிந்து பழிப்பர் எனச் சிலர் அஞ்சலாம். தப்பிப்பதற்காகக் கேட்கும் மன்னிப்புக்கு அவ்வச்சம் பொருந்தும். ஆனால், தகவல் பிழையை உணர்ந்து, காலந்தாழ்த்தாமல், பிழை பரவிய இடத்திலேயே திருத்தி வெளியிடுபவர், குலைந்த பொது நம்பிக்கையைச் சீர்செய்ய உதவுகிறார். அபராதத்தால் மட்டும் அதைச் செய்ய இயலாது. அதேவேளை, நேர்மையாகக் கொண்ட கருத்துக்காக வற்புறுத்திப் பெறும் மன்னிப்பு நீதிமன்றத்துக்குப் பெருமை சேர்க்காது.

மலேசியாவில் அவமதிப்புக்கெனத் தனிச் சட்டம் இல்லை. மன்னிப்பின் மதிப்பை நீதிபதிகளே எடைபோடுகின்றனர். எத்தகைய மன்னிப்பை ஏற்கலாம் என்பதை எழுத்தில் வரையறுத்தால், ஊடகங்களும் பொதுமக்களும் தெளிவு பெறுவர். இன்று பிரிக்பீல்ட்ஸ் கடையில் அமர்ந்திருப்பவரும் கிள்ளானுக்கு ரயிலில் செல்பவரும் திறன்பேசி வழியாக ஆயிரக்கணக்கானோரிடம் பேச முடிகிறது. ஆகவே, எழுதுமுன் உண்மையை ஆராய்வதும், பிழை நேர்ந்தால் தயங்காமல் திருத்துவதும் ஒவ்வொருவரின் கடமையாகும்.