காதல் வந்த பிறகு அவளுக்கு என்ன வேலை?

ஃபேன்டசி ரொமான்ஸ் நாவல்களில் துணிக்குப் பஞ்சமே கிடையாது. நாயகி காலையில் ஒரு கவுன், விருந்துக்கு ஒன்று, போருக்குப் புறப்பட ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருப்பாள். இரவை உருக்கி வார்த்த நிறம், தொட்டால் நழுவும் பட்டு என்று அரைப் பக்கத்துக்கு வர்ணனை ஓடும். அளவெடுத்தது யார், வெட்டியது யார், ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்து முடித்தது யார் என்பது மட்டும் வராது. திருப்பூர் கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்பவளுக்கு இது உறுத்தத்தான் செய்யும். பீஸைக் கையில் எடுத்ததும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. நாவலையும் அப்படித்தான் திருப்பிப் பார்க்கிறேன்.

இந்தப் புத்தகங்களை எனக்குப் பழக்கியது எங்கள் மெர்ச்சன்டைசிங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண். மகள் வயது, ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். முதல் புத்தகத்தைக் கொடுக்கும்போதே எச்சரித்தாள்: "லாஜிக்கெல்லாம் பாக்காதீங்க்கா. றெக்கை வெச்சவனா, நெழல ஆட்டி வெக்கறவனான்னு மட்டும் பாருங்க." றெக்கை வைத்தவன் சாரா ஜே. மாஸின் நாயகன். நிழலை ஆட்டி வைப்பவன் ரெபெக்கா யாரோஸின் நாயகன். உலகம் முழுக்க இப்போது இந்த இரண்டு பேர் பின்னால்தான் வாசகிகள் நிற்கிறார்கள். யாரோஸின் வரிசையில் மூன்றாவதான 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' 2025 ஜனவரியில் வந்தது. முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் போயினவாம்.

அவள் றெக்கையைப் பார்க்கட்டும். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: காதல் வந்த பிறகு அந்தப் பெண் என்ன வேலை பார்க்கிறாள்?

மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' (2015) ஆரம்பம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஃபேரா குளிர்காலக் காட்டில் வில்லோடு காத்திருக்கிறாள். வேட்டையில் ஏதும் கிடைக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அப்பாவும் இரண்டு அக்காமாரும் அவள் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். தோலை உரித்து, சந்தைக்குக் கொண்டுபோய் விலை பேசுகிறாள். பசியும் கணக்கும் தெரிந்த பெண். இவளை நம்பி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் போகலாம் என்று தோன்றுகிறது. அதற்குள் மாயலோகத்து மாளிகை வந்துவிடுகிறது. வேளாவேளைக்குச் சாப்பாடு, அலமாரி நிறைய உடுப்பு. வில்லுக்கு அதன்பின் அவ்வளவாக வேலை இல்லை. ஆசிரியருக்கே இது உறைத்திருக்க வேண்டும். அடுத்த நாவலில் அதே மாளிகையில் அடைபட்டு ஃபேரா மூச்சுத் திணறுகிறாள். அவளுக்கு வேலை திரும்பக் கிடைப்பதற்குள் எனக்குத்தான் பொறுமை போய்விட்டது. கடைசியில் 2018இல் வந்த சின்னப் புத்தகத்தில் ஓவியக்கூடம் பிடித்துப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுக்கிறாள்.

அந்தச் சின்னப் புத்தகத்தை ரசிகைகள் மதிப்பதில்லை. போர் கிடையாது, பெரிய சம்பவம் கிடையாது, பண்டிகைக்குக் கடைத்தெருவில் பரிசு வாங்குகிறார்கள், அவ்வளவுதான். மாஸ் எழுதியதில் எனக்குப் பிடித்த இடம் அதில்தான் இருக்கிறது. ஃபேரா ஒரு நெசவுக்காரியின் கடைக்குள் போகிறாள். சுவரில் ஒரு கரிய துணி தொங்குகிறது. வெளிச்சத்தையே குடித்துவிடும் கறுப்பு. அதற்குச் 'சூனியம்' என்று பெயர் வைத்திருக்கிறாள் அந்தப் பெண். புருஷன் போரில் செத்துப்போனான். அந்தத் துக்கத்துக்குள்ளும் தறியை நிறுத்தவில்லை. கறுப்பின் நடுவே மினுங்கும் இழை ஒன்று ஓடுகிறது, அதற்கு 'நம்பிக்கை' என்று பெயர். இரண்டு மூன்று பக்கம்தான். காதல் முடிந்துபோன பிறகும் கை வேலையை விடாத ஒருத்தி அத்தனை பெரிய மாயலோகத்தில் ஒரு மூலையில் இருக்கிறாள். எழுநூறு பக்கப் புத்தகங்களில் றெக்கைக்காரன் சாதிக்காததை அந்த ஒரு கடை சாதித்துவிட்டது.

வேலையை ஏன் இப்படிப் பிடித்துத் தொங்குகிறேன் என்றால், இந்த ஊரில் அது புத்தகத்துக்குள் மட்டும் நடக்கிற கதை இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று ஓடியதை எல்லோரும் அறிவோம். கிராமத்துப் பெண்பிள்ளைகள் மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி மில்லில் வேலை பார்க்க வேண்டும். முடித்தால் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை. பெயரிலேயே எல்லாம் இருந்தது. வேலை என்பது தாலி வரைக்கும், தாலி வந்தால் வேலை முடிந்தது. ஆனால் எங்கள் லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் தாலி கட்டியவர்கள்தான். காலை எட்டரைக்கு உள்ளே வந்து ஒன்றரை ஷிப்ட் போட்டால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே போவார்கள். மெஷினை நிறுத்தும் நாயகியை இவர்கள் எந்த ஊரில் தேடுவார்கள்?

பழைய கதைகளும் இதில் ஒன்றும் யோக்கியமில்லை. எங்கள் அம்மாயியிடம் பெரிய எழுத்து 'அல்லி அரசாணி மாலை' இருந்தது. இரத்தின நாயக்கர் அண்ட் சன்ஸ் போட்ட புத்தகம், அட்டை கிழிந்து ஊசியால் தைத்தது. சாயங்காலத்தில் ராகம் போட்டுப் படிப்பார். ஃபேன்டசி ரொமான்ஸுக்கு வேண்டிய எல்லாமே அதில் உண்டு. மதுரையை ஆளும் அல்லி, ஆணைக் கிட்டவே அண்டவிடாதவள். அர்ஜுனன் அவளை அடைய என்னென்னவோ வேஷம் போடுகிறான். கண்ணன் பாம்பாட்டியாகிறான், அர்ஜுனன் பாம்பாகிறான். அரண்மனைக்குள் புகுந்து, அவள் தூங்கும்போது தாலியைக் கட்டிவிடுகிறான். அம்மாயி இந்த இடத்தில் சிரிப்பார். எனக்கு அப்போதும் சிரிப்பு வந்ததில்லை. அத்தனை பெரிய ராஜ்யத்தைத் தனியாக நடத்தியவளைக் கதை அதோடு 'அடங்கிய மனைவி' ஆக்குவதில் முனைந்துவிடுகிறது.

இன்று செல்போனில் பிரதிலிபியில் ஓடும் தொடர்கதைகளில் 'ஆன்டி ஹீரோ' என்று ஒரு தனி ரகமே இருக்கிறது. முன்ஜென்மம், நாகலோகம், ரத்தக் காட்டேரி என்று மாயத்துக்கும் குறைவில்லை. டீ டைமில் எங்கள் பிள்ளைகள் அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருப்பார்கள். நாயகன் அவளைத் தூக்கிக்கொண்டு போவான், மிரட்டிக் கட்டுவான், அப்புறம் உருகுவான். அல்லியின் பாம்பு இன்னும் படத்தை இறக்கவில்லை. இந்தக் கதைகளில் என்னைச் சிரிக்கவைப்பது ஒன்று உண்டு. நாயகன் அடிக்கடி நம்ம பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளியாக வருவான். ஆறடி, கறுப்புக் கார், கோபக் கண். ஆனால் நூல் விலை ஏறியதென்று ஒருநாள் தூக்கம் கெட்டிருக்காது. ஷிப்மென்ட் தேதி தள்ளிப்போய் ஏர் ஃப்ரைட் கட்டியிருக்க மாட்டான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஊரே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. அவன் மட்டும் மாடியில் நின்று நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். நாகலோகத்தை நான் நம்பிவிடுவேன், இந்த முதலாளியைத்தான் நம்ப முடியவில்லை.

யாரோஸுக்கு இந்த விஷயத்தில் மதிப்பெண் கொடுக்க வேண்டும். 'ஃபோர்த் விங்' (2023) நாயகி வயலெட்டுக்கு எலும்பும் மூட்டும் பலமில்லை. போர்ப் பள்ளியில் சேரும் நாளில் அவளுடைய அக்கா மீரா ஒரு உள்சட்டை கொடுக்கிறாள். மீராவின் டிராகன் உதிர்த்த செதில்களை மந்திரத்தால் சுருக்கித் தைத்த சட்டை. கத்தி இறங்காது. ஒரு உடுப்பு எதனால் ஆனது, எதற்கு ஆனது, யார் அக்கறையில் வந்தது என்று எல்லாமே அந்த ஒரு சட்டையில் சொல்லப்பட்டுவிடுகிறது. காதல் முற்றிய பிறகும் வயலெட்டுக்கு டிராகன் மேல் ஏறி இறங்கும் டியூட்டி நிற்பதில்லை. மூன்றாவது புத்தகத்தில் தீவு தீவாக அலையவிட்டு, ஏகப்பட்ட பெயர்களைக் கொட்டியிருக்க வேண்டாம். அது வேறு குறை.

ஆனால் திருப்பூரில் இருப்பவர்கள் தேடிப் படிக்க வேண்டியவை வேறு இரண்டு. எலிசபெத் லிம்மின் 'ஸ்பின் த டான்' (2019) நாயகியே தையல்காரி. மாயாவின் அண்ணன்மார் இரண்டு பேர் போரில் செத்துவிட்டார்கள், மிச்சமிருக்கும் ஒருவன் கால் முடங்கிக் கிடக்கிறான். அரண்மனைத் தையல்காரர் பதவிக்குப் போட்டி, ஆண்களுக்கு மட்டும். அண்ணன் பெயரில் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு கிளம்புகிறாள். பாட்டி வைத்துவிட்டுப் போன மாயக் கத்தரிக்கோல் கையில் இருக்கிறது. அதை வைத்து ஜெயித்தால் அது தன் திறமையா என்று அவளுக்கே குடைகிறது. தொழில் தெரிந்தவளுக்குத்தான் அந்தக் குடைச்சல் வரும். அப்புறம் மூன்று உடுப்பு: சூரியனின் சிரிப்பில் ஒன்று, நிலாவின் கண்ணீரில் ஒன்று, நட்சத்திரங்களின் ரத்தத்தில் ஒன்று. நூல் தேடி மந்திரவாதியோடு அவள் போகும் பயணத்தில்தான் காதல் வருகிறது. தையல் போட்டி நடக்கும் முதல் பகுதிதான் புத்தகத்தின் உயிர், பயணம் கொஞ்சம் இழுவை.

இன்னொன்று ரொவென்னா மில்லரின் 'டார்ன்' (2018). சோஃபி சொந்தக் கடை வைத்திருக்கும் தையல்காரி. நூலோடு சேர்த்து நல்ல காலத்தையும் தைத்துவிடும் வித்தை தெரிந்தவள். காதலிப்பது ஒரு பிரபுவை. அண்ணனோ பிரபுக்களை எதிர்த்துக் கூலிக்காரர்களைத் திரட்டுகிறவன். ராணிக்குப் போகும் சால்வையில் நல்லதுக்குப் பதில் சாபத்தைத் தைக்கச் சொல்லி அவளை மிரட்டுகிறார்கள். கடை வைத்தவளுக்கும் கொடி பிடித்தவனுக்கும் ஒரே வீட்டில் சோறு. சங்கமும் முதலாளியும் போனஸுக்கு மோதும் ஊரில் இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

மெர்ச்சன்டைசர் பெண்ணிடம் இரண்டையும் சொன்னேன். முகத்தைச் சுளித்தாள். "நாள் பூரா துணி, நூலு, பையர் மெயில். ராத்திரியும் அதையே படிக்கோணுமாங்க்கா?" அவள் பக்கமும் ஞாயம் இருக்கிறது. ஓய்வுக்குப் படிக்கிறவளிடம் போய் ஓவர்டைம் கேட்கக் கூடாது. ஆனாலும் அவள் ஆசைப்படும் நாயகி வேலையே செய்யாதவள் இல்லை. அவள் ஏங்குவது, செய்த வேலையை ஒருத்தன் கவனித்து மதிக்க வேண்டும் என்பதற்கு. றெக்கைக்காரன்கூட அந்த இடத்தில்தான் ஜெயிக்கிறான். ஃபேராவுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறான், சண்டைப் பயிற்சிக்கு வழி செய்கிறான், சபையில் தனக்குச் சமமாக உட்கார வைக்கிறான்.

நூலையும் மாயத்தையும் சேர்த்த கதைக்கு நாம் வெளியே போகவே வேண்டியதில்லை. கொங்கு நாட்டில் நெசவு செய்யும் தேவாங்கர்களுக்கு ஒரு புராணம் உண்டு. ஆடையில்லாத உலகுக்கு ஆடை நெய்யச் சிவன் தேவலரைப் படைக்கிறார். விஷ்ணுவின் நாபித் தாமரைத் தண்டிலிருந்து அவர் நூல் வாங்கிவருகிறார். வழியில் அசுரர்கள் பறிக்கப் பாய்கிறார்கள். சௌடேஸ்வரி தோன்றி அவர்களை வெட்டுகிறாள். அந்த ரத்தத்தில் தோய்ந்த நூலுக்குத்தான் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஐந்து நிறம் வந்தது. அம்மன் திருவிழாவில் இன்றைக்கும் நெஞ்சில் கத்தி போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கலாம். சாயத்துக்கு ரத்தம் விலை என்று புராணம் முதலிலேயே சொல்லிவிட்டது. நாம் அந்த விலையை நொய்யல் ஆற்றிடம் வசூலித்தோம். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் போனது. இத்தனையையும் வைத்து ஒரு காதல் கதை எழுத இந்த ஊரில் ஒரு ஆள் கிளம்பவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். தேவலர் மாதிரி நெய்ய வந்த ஒருத்தி, அவளுக்குப் பின்னால் ஐந்து நிறத்தில் ஒரு ஆறு. போதாதா?

போன வாரம் டீ டைமில் ஓவர்லாக் அடிக்கும் ஒரு பெண்ணுக்கு மாயாவின் கதையைச் சொன்னேன். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். நிலாக் கண்ணீர் உடுப்பு வரும்போது மட்டும் ஒரு சந்தேகம்: "ஈர நூலு, ஸ்டிச்சு விட்டுப் போகாதுங்களா?" விட்டுப் போகவில்லை என்றேன். மூன்று உடுப்பும் முடிந்தன. மந்திரவாதியை விடுவிக்க மாயா தன்னையே ஒரு அரக்கனுக்குப் பணயம் வைத்ததையும் சொன்னேன்.

"அப்பறம் தைக்கறாளா, இல்ல விட்டுட்டாளா?"

"ரெண்டாம் பாகத்துல தான் தெரியும். இப்போதைக்குக் கொஞ்சங் கொஞ்சமாப் பேயா மாறிட்டிருக்கறா."

"அதுக்குள்ளயாங்க்கா? இன்னும் கல்யாணமே ஆகலீங்களே!"