பையும் ஷூவும் மட்டும் போதுமா?

மே மாதக் கடைசி வாரம் வந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் கடைத்தெருக்களில் நடக்க இடமிருக்காது. ஸ்கூல் பை, ஷூ, வாட்டர் பாட்டில்... அப்பாக்களின் பர்ஸ் காலி! ஆனால் பிள்ளையின் வயிறு? அதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டுக்கு ஓடும் அம்மாக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுப்பில் எதுவும் வேகும் முன்பே பஸ் வந்துவிடுகிறது. வெறும் வயிற்றோடு வரும் குழந்தைக்கு, ஆசிரியர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கவே தெம்பிருக்காது. பிறகு தன்னம்பிக்கை எங்கிருந்து வரும்? அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அது விரிந்தது 2024 ஜூலை 15ல், அதுவும் இதே திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்!

ஒரே ஒரு உறுத்தல். 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்தபோதும் எல்லை ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் புதுப் பள்ளி, புது ஆசிரியர்கள், பாடமும் கூடுதல். பசி மட்டும் குறைந்துவிடுமா என்ன? எட்டாம் வகுப்பு வரையாவது போட்டால் நன்றாக இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போதே ராத்திரி டிவியையும் செல்போனையும் சீக்கிரம் அணைத்துவிடலாம். அப்படியே கண்ணையும் ஒருமுறை காட்டிவிடலாம். கரும்பலகை தெரியாமல் 'மக்கு' என்று பேர் வாங்கும் பிள்ளைக்குத் தேவை சில சமயம் ஒரு கண்ணாடிதான். அரசு மருத்துவமனையில் இதைப் பார்க்கக் காசு வாங்குவதில்லை.