சிக்கனமும் எளிமையும்

சிக்கனம் வேறு, எளிமை வேறு என்பதை ஐம்பது வயது கடந்த பின்னரே யான் உணர்ந்தேன். இலக்கணம் கற்பிப்பவனுக்கு இரு சொற்களின் வேறுபாடு இத்துணைப் பிந்தி விளங்கியது நாணத்தக்கதே.

என் சிக்கனம் வழிவழி வந்தது. வெறும் போத்தல், சாக்கு, ஒரு பக்கம் எழுதாத தாள் எதனையும் எறிந்தறியேன். மலிவாகக் கிடைப்பதை இரண்டாக வாங்குவேன். 2019ஆம் ஆண்டு மாரியில் அலுமாரியைத் திறந்தபோது ஐந்து குடைகள் இருந்தன. ஒழுங்காக விரிவது ஒன்றுமில்லை. ஐந்தின் விலையையும் கூட்டிப் பார்த்தேன். அத்தொகைக்கு நல்ல குடை இரண்டு வாங்கியிருக்கலாம்!

அக்காலத்தில் என் பழைய மாணவர் ஒருவர், இன்றைய இளைஞர் ‘மினிமலிசம்’ எனப் போற்றும் வாழ்க்கைமுறையை எனக்கு விரித்துரைத்தார். கருத்து புதியதன்று. சமணர் ஐம்பெரு விரதங்களுள் இறுதியாக வைத்த அபரிக்கிரகம் இதற்கு மிக அணுக்கமானது. அமெரிக்க அறிஞர் தோரோ 1845இல் வால்டன் குளக்கரையில் இருபத்தெட்டுச் சொச்சம் டாலர் செலவில் குடில் அமைத்து வாழ்ந்தவர். மேசைமேலிருந்த மூன்று சுண்ணக்கற்களை நாள்தோறும் தூசு துடைக்க வேண்டியிருந்தமையால் வெளியே எறிந்தவர். பொருளுக்குக் கொடுக்கும் விலை வாங்கும் நாளோடு முடிவதில்லை என்பதை அக்கற்கள் எனக்குக் கற்பித்தன.

அதன்பின் என் செலவு குறைந்தது என்று வாசகர் எண்ணலாம். முதலாண்டில் கூடிற்று என்பதே உண்மை. முன்பு கடைக்காரரிடம் “விலை என்ன?” என்று கேட்டேன், பின்பு என்னையே “இது வேண்டுமா?” என்று கேட்டேன். வேண்டும் எனத் தோன்றியவற்றுக்கு, நீடித்து உழைப்பதைத் தேடிக் கூடிய விலை கொடுத்தேன். மலிவு விற்பனை அறிவிப்புகள் என்னைத் தொடாமற் போயின. நன்னூற் பதிப்புகளில் மிகையானவற்றை மாணவருக்கு ஈந்தேன். (ஒன்றை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. அது ஆசிரியர் கையால் தந்தது.)

ஆயினும் அன்னையாரின் பெட்டகத்தைத் தொடத் துணிந்திலேன். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகப் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அவர் ஒரு கடகத்தில் அரிசியும் ஒரு பானையும் மட்டுமே சுமந்தார். மறுஆண்டு மீண்டோம், வீட்டில் ஓர் அகப்பைதானும் எஞ்சவில்லை. அன்றுமுதல் அவர் எதனையும் இரட்டிப்பாகச் சேர்த்தார். அதனை உலோபம் என்று முன்னர் நகைத்திருக்கிறேன். அது உலோபமன்று, அச்சம். வெறுமையைத் தாமே தேர்ந்து கொள்வோருக்கும், வெறுமை வலிந்து திணிக்கப்பட்டோருக்கும் ஒரே அறிவுரை பொருந்துமோ? மினிமலிசத்தைப் பாராட்டி எழுதுவோர் பலர் இவ்வினாவை நெருங்குவதில்லை. எறிந்ததை வேண்டும்போது மீண்டும் வாங்க வல்லவருக்கே எறிதல் எளிது.

இதற்கு என் வீடே சான்று. பழைய இரும்பு விறகடுப்பு ஒன்று கோடிப்புறத்தில் இடத்தை அடைத்துக் கிடந்தது. மிகை எனக் கருதிப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிட்டேன். 2022இல் எரிவாயுவுக்கு நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றனர், மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. முற்றத்தில் மூன்று கற்களை வைத்து, தாம் சேர்த்திருந்த பன்னாடையாலும் கொக்காரையாலும் தீ மூட்டி உலை வைத்தார்.

இன்று என் வீட்டில் குடை ஒன்றே உளது. விறகடுப்பும் ஒன்று உளது. அது இரண்டாம் முறை வாங்கியது.