மார்கழியில் ஏ.சி.க்குப் போர்வை எதற்கு?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் நம் பக்கத்து வீடுகளில் ஏ.சி.க்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது. உடனே மாடியில் உள்ள வெளிப்பெட்டியை நீலப் பிளாஸ்டிக் தாளால் மேலிருந்து கீழ்வரை சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிடுகிறார்கள். பணம் சேர்த்து வாங்கிய பொருள் ஆயிற்றே என்ற அக்கறைதான் காரணம். ஆனால் இயற்பியல் இதை ஒப்புக்கொள்வதில்லை. பூரணாங்குப்பம் போன்று கடலை அடுத்த ஊரில், இப்படிக் கட்டிவைப்பது கட்டாமல் விடுவதைவிடக் கெடுதல் என்பதே என் கருத்து.

கனடா போன்ற நாடுகளின் நிலை வேறு. அங்கே குளிர்காலத்தில் வெப்பநிலை 0 டிகிரிக்கு வெகு கீழே இறங்குகிறது. பெட்டியில் தங்கிய நீர் உறைந்தால் பருமன் பெருகி விரிசல் விடும். எனவே நீரை வடித்து, சன்னல் ஏ.சி.யானால் கழற்றி உள்ளே வைக்கிறார்கள். புதுச்சேரியிலோ மார்கழி இரவில்கூட வெப்பமானி 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் நிற்கிறது. நம் இயந்திரத்தைக் கெடுப்பவை ஈரமும் உப்பும். (ஏ.சி. பிறந்ததே ஈரத்தை அடக்கத்தான். 1902-இல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக்காற்றால் காகிதம் விரிந்து சுருங்கியது. அதைச் சரிசெய்யவே வில்லிஸ் கேரியர் தம் கருவியை வடிவமைத்தார்.)

25 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். மீதி 6 கிராம் எங்கே போகும்? நீர்த்துளியாகிப் பக்கத்தில் உள்ள குளிர்ந்த பரப்பில் படியும். பகல் வெயிலில் ஈரத் தரையிலிருந்து கிளம்பும் ஆவி பிளாஸ்டிக் உறைக்குள் சிக்கிக்கொள்கிறது. இரவில் மெல்லிய தாள் விரைவில் குளிர்கிறது. அதன் உட்புறத்தில் நீர் கோத்துச் சொட்டுகிறது. இட்லிப் பானையின் மூடியைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? விடிந்ததும் காற்று முதலில் சூடேறும். கனத்த கம்ப்ரசரின் இரும்பு மெதுவாகத்தான் சூடேறும். ஆகவே அதன் மேலும் ஈரம் படிகிறது. திறந்த பெட்டியானால் இந்த ஈரத்தைக் காற்று உலர்த்திவிடும். வெளிப்பெட்டி மழையில் நனையவென்றே செய்யப்பட்டது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இனி உப்பு. அலை உடையும்போது குமிழிகள் வெடித்து நுண்துளிகள் பறக்கின்றன. நீர் உலர்ந்துபோக, உப்புத் துகள் காற்றோடு ஊருக்குள் வருகிறது. ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைநாளில் அம்மா உப்பு ஜாடியைப் பற்றிக் குறைபடுவது இதனால்தான். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். வெளிப்பெட்டியில் பெரும்பாலும் செம்புக் குழாய். அதைச் சுற்றி அலுமினியத் தகடுகள். இரண்டுக்கும் இடையே உப்புநீர் நின்றால் அது ஒரு மின்கலம்! திட்ட மின்முனை அழுத்தம் செம்புக்கு +0.34 வோல்ட், அலுமினியத்துக்கு −1.66 வோல்ட். அலுமினியத்தை அதன் ஆக்சைடு படலம் ஓரளவு காக்கும் என்பது உண்மையே. ஆனால் குளோரைடு அயனி அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். தகடுகள் வெண்பொடியாகி உதிர்ந்தால் வெப்பம் வெளியேறாது, மின்கட்டணம் ஏறும். கசிவு ஏற்பட்டால் நட்டம் நம் வீட்டோடு நிற்காது. இன்றைய பல ஏ.சி.க்களில் உள்ள ஆர்-32 வாயு, 100 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கார்பன்-டை-ஆக்சைடைவிட சுமார் 675 மடங்கு புவியைச் சூடாக்கவல்லது.

மழை இந்த உப்பைக் கழுவிவிடுகிறது. உறை அந்த உதவியையும் தடுக்கிறது. ஆகவே உறையை எடுத்துவிடுங்கள். தென்னை மட்டை விழும் இடமானால் மேலே மட்டும் ஒரு பலகை போதும். பெரியவர்களைக் கொண்டு மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்தி, நல்ல தண்ணீரைத் தகடுகளின் மேல் மெதுவாக ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். பீய்ச்சி அடித்தால் தகடு மடங்கும். உள்பெட்டியை நிறுத்துமுன் விசிறியை மட்டும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டால் ஈரம் உலர்ந்துவிடும், பூஞ்சை பிடிக்காது. வடிகட்டியைக் கழுவி நிழலில் காயவையுங்கள். ரிமோட்டின் பாட்டரியையும் கழற்றிவிடலாம்.

வெளிப்பெட்டியைத் தாங்கும் போல்ட்டுகளைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில்தான் ஏறின. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். தாள் சுற்றிய பெட்டி பாய்மரம் போல அந்த விசையை வாங்கிக்கொள்ளும். துருப்பிடித்த போல்ட் தாங்குமா?

பெரியவர்கள் நம்பாவிட்டால் ஒரு சோதனை செய்து காட்டுங்கள். மழை விட்ட ஒரு மாலையில் இரண்டு இரும்பு எடைக்கற்களை ஈரத் தரையில் வையுங்கள். ஒன்றைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களில் கல் வையுங்கள். மற்றதைத் திறந்தே விடுங்கள். ஒரு வாரம் தினமும் காலை 6 மணிக்கும் 10 மணிக்கும் பார்த்து, எதில் ஈரம் நெடுநேரம் நிற்கிறது, எதில் துரு அதிகம் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள்.