அசம்பு மலைக்கு யார் வழிகாட்டுவது?

அசம்பு மலையின் பெயரோடு இரண்டு பறவைகள் இருக்கின்றன. ஒன்று அசம்பு சிரிப்பான், இன்னொன்று அசம்பு சோலைக்கிளி. அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை முடிவதற்கு முன்னால் கிடக்கிற இந்தத் துண்டைவிட்டால் உலகத்தில் வேறெங்கும் இவை கிடையாது. குமரி மாவட்டத்தின் வடக்குச் சுவரே இந்த மலைதான். ஆனால் கடற்கரையில் இருக்கிற எங்கள் இனயத்திலிருந்து ஒருவன் முறையாக அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு போய் இவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் நாகர்கோவில், திருநெல்வேலி, கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு என்று சுற்றி மாஞ்சோலை வழியாக ஏற வேண்டும். இல்லையென்றால் எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் போக வேண்டும்.

கடற்கரைக்காரனுக்கு மலையில் என்ன வேலை என்று எங்கள் ஊரிலேயே கேட்கிறார்கள். ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் என் அப்பா தலைமுறையினர் கட்டுமரத்தில் போய், கடலடிப் பாறையான பாரைக் கண்டுபிடித்ததெல்லாம் இந்த மலைகளைப் பார்த்துத்தான். எந்த மலைக்கொம்பு எந்தக் கோவில் கோபுரத்தோடு நேர்கோட்டில் வருகிறது என்று கணிச்சம் பார்ப்பார்கள். இடம் பிசகாது. இன்னொன்று, கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து குழித்துறை வழியாக எங்களுக்கு அடுத்த தேங்காய்ப்பட்டணத்தில்தான் கடலில் விழுகின்றன. மேகம் உரசுகிற அந்தச் சோலைகளில் மரத்துப் பாசி பிடித்துவைத்த தண்ணீரும் அதில் உண்டு. ஆகவே எனக்கும் அங்கே வேலை உண்டு.

சில வருடங்களுக்கு முன்னால், கட்டணம் கட்டி ஒரு பறவை நோக்கும் குழுவோடு மாஞ்சோலைக்கு மேலே போனேன். ஏப்ரல் மாதம். ஊத்து தாண்டியதும் தேயிலை முடிந்து சோலை தொடங்குகிறது. மரங்கள் உயரம் குறைந்து, கிளைகள் முறுக்கிக்கொண்டு, தண்டெல்லாம் பாசி. ஓடைக்கரையில் ஈத்தக்காடு. காலை ஏழு மணிக்கும் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. எங்கள் வழிகாட்டி வெளியூர்க்காரர். படிப்பும் அனுபவமும் உள்ளவர், பறவைகளின் பெயரெல்லாம் மனப்பாடம். அவருடைய பையின் வாரில் சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று தொங்கியது. ஓடையோரம் நிறுத்தி, சோலைக்கிளியின் பாட்டை ஒலிக்கவிட்டார்.

பெயரில் கிளி இருந்தாலும் அது கிளி அல்ல. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது. கருநீல உடம்பு, வெள்ளை வயிறு, நீண்ட கால். இருட்டுப் புதருக்கடியில் தரையில் தத்தித் தத்தி இரை பொறுக்கும், சுலபத்தில் வெளியே வராது. அன்றைக்கு ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. வேறொரு ஆண் தன் எல்லைக்குள் புகுந்துவிட்டான் என்று நினைத்து, நெஞ்சை உப்பிக்கொண்டு கிளைக்குக் கிளை பாய்ந்தது. கேமராக்கள் படபடத்தன. பார்க்காதவர்களுக்காக மறுபடி ஒலிக்கவிட்டார். இரண்டாம் முறை வந்தபோது பைனாகுலரில் பார்த்தேன், அலகில் ஒரு புழு. மூன்றாம் முறை அந்தப் புழு இல்லை. எங்கள் சாமான்களைச் சுமந்து வந்த பழைய எஸ்டேட் தொழிலாளி மெதுவாகச் சொன்னார்: “குஞ்சு வச்சிருக்கு சார். போதும், போவோம்.” யாரும் காதில் வாங்கவில்லை.

கடலில் இதற்குச் சமமான வேலை ஒன்று உண்டு. இரவில் எல்.இ.டி. விளக்கைக் கொளுத்தி மீனை இழுத்து அள்ளுவது. அதை மத்திய அரசு 2017-லேயே தடை செய்தது. தடையை மீறுகிறவர்களோடு சிறு மீனவர்கள் இன்றைக்கும் மல்லுக்கு நிற்கிறார்கள். மலையில் ஒலி வைத்து இழுப்பதை மட்டும் சேவை என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிறார்கள். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் இதற்கு அனுமதி இல்லை. இங்கே நடைமுறையில் வழிகாட்டியின் மனச்சாட்சிதான் சட்டம். காசு கட்டி வந்தவர்கள் ‘பறவை எங்கே’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும்போது அந்தச் சட்டம் எவ்வளவு நேரம் தாங்கும்?

அந்த எஸ்டேட் தொழிலாளியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. சிரிப்பான் கூட்டம் வருவதை எங்களுக்கெல்லாம் முன்னால் காதால் கண்டுபிடித்தவர் அவர்தான். ஸ்பீக்கர் இல்லாமல், ஒரு புதரைக் காட்டி, பழம் பழுத்திருக்கிறது, இங்கே உட்காருங்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே வந்தன. வழிகாட்டி என்றால் எனக்கு அவர்தான். ஆனால் கட்டணத்தில் அவருக்குக் கிடைத்தது சுமைகூலி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தின் 99 ஆண்டுக் குத்தகை 2028-ல்தான் முடிய வேண்டும். அதற்கு முன்பே, 2024-ல், நாலு தலைமுறையாக அங்கே கிடந்த தொழிலாளர்களின் வேலையே முடிந்துவிட்டது. காட்டைக் காட்டுக்கே திருப்பித் தருவது நல்லதுதான். ஆனால் ஆளை எல்லாம் இறக்கிவிட்டு, நாளைக்கு விருந்தாளிகளை ஏற்றுவார்கள் என்றால், அவர்களுக்கு அந்தப் புதரை யார் காட்டுவது?

எங்கள் பக்கத்தில் அந்த அறிவு காணிக்காரப் பழங்குடிகளிடம் இருக்கிறது. பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து போகிற குடியிருப்புகளில் காடு தெரியாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த அறிவுக்கு விலை உண்டு என்பதை இதே மலை ஏற்கெனவே காட்டியிருக்கிறது. 1987-ல் அகத்தியமலைக்குப் போன திருவனந்தபுரம் தாவரவியல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியவர்கள் காணிகள். நடையில் களைக்காமல் இருக்க ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே வந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து உருவான ஜீவனி மருந்துக்கு 1995-ல் உரிமம் கொடுத்தபோது, உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அந்த ஏற்பாடு பின்னால் பல சிக்கல்களில் மாட்டியது வேறு கதை. ஆனாலும் வழிகாட்டியைக் கூலியாளாக நினைக்காமல் பங்குதாரராக எண்ணிய கணக்கு அது.

அருணாசலப் பிரதேசத்தில் இதையே பறவையை வைத்துச் செய்திருக்கிறார்கள். ஈகிள்நெஸ்ட் மலையில், வானியல் ஆய்வாளரான ரமணா அத்ரேயா புகுன் லியோசிக்லா என்ற புதிய பறவையை 2006-ல் உலகத்துக்கு அறிவித்தார். எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் ஒன்றைக்கூடக் கொல்லாமல், படங்களையும் உதிர்ந்த இறகுகளையும் வைத்தே விவரித்தார். அந்தப் பறவைக்கு அங்குள்ள புகுன் மக்களின் பெயர். 2017-ல் அந்த மக்கள் தங்கள் காட்டின் ஒரு பகுதியைச் சமூகக் காப்பகமாக ஒதுக்கினார்கள். ஊர் இளைஞர்களே ரோந்து போகிறார்கள். பறவை பார்க்க வருகிறவர்களின் பணம் ஊருக்கும் போகிறது.

வனத்துறையின் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. இது சரணாலயம், புலி உண்டு, யானை உண்டு. 2023 ஜூனில் கம்பம் பக்கம் பிடித்த அரிக்கொம்பன் யானையைக் கொண்டுவந்து விட்டது மேல்கோதையாறு, முத்துக்குழிவயல் பக்கம்தான். கதவைத் திறந்தால் பிளாஸ்டிக்கும் பாட்டில்களும் வரும் என்று பயப்படுவதிலும் நியாயம் உண்டு. திற்பரப்பு அருவியில் ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் முழுதாக மூடிவைப்பதாலும் காடு தப்பிவிடாது. எந்த மலையை ஊர் பார்த்ததில்லையோ அதைப் பற்றித் தலைநகரில் கோப்பு நகரும்போது கேட்க ஆளிருக்காது. 2016-ல் இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் என்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது நாங்கள் தெருவுக்கு வந்தோம். அந்தக் கரையில் நாங்கள் நாள்தோறும் நடமாடினோம் என்பதால்தான் அப்படி வர முடிந்தது.

ஆகவே ஒரு சின்னத் தொடக்கம் கேட்கிறேன். முத்துக்குழிவயல் உடனே வேண்டாம். கீரிப்பாறை அரசு ரப்பர்த் தோட்டம் தாண்டிக் காளிகேசம் பக்கம் ஒரு தடம், கோதையாற்றில் ஒரு தடம். ஒரு நேரத்தில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். காணி இளைஞர்களுக்கு வனத்துறை பயிற்சியும் அடையாள அட்டையும் கொடுத்து, கட்டணத்தில் பெரும்பங்கை அவர்களுடைய குடியிருப்புக்கே தரட்டும். ஸ்பீக்கரைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். பறவை வராவிட்டால் வராதுதான். பணம் திரும்பத் தரப்படாது என்று சீட்டிலேயே அச்சடித்துவிடலாம்.

குஞ்சு வளர்கிற ஏப்ரல், மே மாதங்களில் தடம் மூடியிருக்க வேண்டும். பள்ளி விடுமுறையும் சுற்றுலா வருமானமும் அப்போதுதான் என்று சுற்றுலாத் துறை முணுமுணுக்கும். மீன் பெருக வேண்டுமென்று ஜூன் முதல் ஜூலை கடைசிவரை 61 நாள் எங்கள் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துகிற அரசுக்கு, அந்த முணுமுணுப்புக்குப் பதில் சொல்லத் தெரியும்.